எலிக்காய்ச்சலும் கமக்காரர் உடலும்

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலுக்கு ஆளாயினர். அவர்களுட் பலர் நெற்செய்கையாளர். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் கல்லோயா நீரிலும் மாரி மழையிலும் நின்று தொழில் செய்யும் கமக்காரர் இந்நோயின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நோயை விளைவிப்பது லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவப் பற்றீரியாவாகும். 1915இல் யப்பானிய மருத்துவர் இனாடா, இடோ ஆகியோர் இதனைக் கண்டறிந்தனர். இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில், எலிக்குத் தீங்கின்றி வாழும். மாடு, எருமைகளிலும் உண்டு. அவற்றின் சிறுநீர் கலந்த சேற்றில் வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். பழுதற்ற தோல் அதனைத் தடுக்கும். நெடுநேரம் நீரில் ஊறிய பாதமும், தாக்கத்தி பட்ட விரலும் வழிவிடும்.

குருதியுட் புகுந்த அந்நியக் கிருமிகளை வெண்குருதிக் கலங்கள் விழுங்குவது வழக்கம். இக்கிருமியோ எளிதில் அகப்படுவதில்லை. அதன்மீது ஒட்டிக்கொண்டு அதனைக் காட்டிக்கொடுக்கும் பிறபொருளெதிரிகளை உடல் ஆக்குவதற்கு ஏறக்குறைய ஒரு வாரஞ் செல்லும். அவ்வாரத்திலேதான் கிருமி பெருகி ஈரல், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றை அடைகிறது. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் ஆகியவை அப்போதைய குறிகள். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து மீளவும் வரும். தணிந்ததும் அறுவடைக்குத் திரும்புவோரே பெரிதும் ஏமாறுகின்றனர். பின்னர்க் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும்.

இந்த இடைவெளியை நிரப்புவதே மருந்தின் தொழில். பெனிசிலின் கிருமி தன் சுவரைக் கட்டவிடாது. டொக்சிசைக்கிளின் அது புரதம் ஆக்குவதைத் தடுக்கும். தொகை குன்றிய கிருமிகளை உடலே அழித்துவிடும். ஆயின், சிறுநீரகம் செயலிழந்த பின்னர் மாத்திரையால் மட்டும் அதனை மீட்கவியலாது. ஆதலின் காய்ச்சல் கண்ட முதலிரு நாட்களுக்குள் வைத்தியசாலைக்குச் சென்று, வயலில் நின்றதைக் கேளாமலே சொல்லுதல் வேண்டும். பரசிற்றமோல் தவிர்ந்த நோவு மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஒருமுறை வந்தவருக்கும் வேறு வகைக் கிருமியால் இந்நோய் மீண்டும் வரலாம்.

சப்பாத்தணிந்து சேற்றில் நாற்று நடுதல் இயலாதென்பது உண்மையே. காயத்தை நீர் புகாவண்ணம் மூடலாம். எலி வளை தோண்டாதபடி வரம்பை ஒடுக்கமாகக் கட்டலாம். வாய்க்கால் நீர் இறைக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் இவை பொருந்தும். நோய் பரவுமிடங்களில், வயலில் இறங்குமுன் வாரமொருமுறை உட்கொள்ளும் டொக்சிசைக்கிளினைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பெறலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுந் தாய்மாருக்கும் சிறுவருக்கும் அது உகந்ததன்று. அவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியைக் கேட்டறிதல் வேண்டும்.