ஒரு சிறுவனின் பேச்சை வாசிப்போம்



இன்ன தேசத்தில் இத்தனை இலட்சம் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. உண்டென்று பத்திரிகையில் வாசிக்கிறீர். "ஐயோ, பாவம்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறீர். இரக்கமில்லாதவர் என்று உம்மை நான் குறைகூறவில்லை. இலட்சம் என்ற தொகைக்கு முகமில்லை, அவ்வளவுதான். ஆகையால் இன்று ஒரேயொரு பிள்ளையைப்பற்றி வாசிப்போம்.

அவன் பெயர் என்கோசி ஜான்சன். 1989-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்தான். பெற்ற தாய்க்கும் அதே நோய். அவளால் வளர்க்க இயலாமற்போகவே, ஜோகன்னஸ்பர்க் நகரில் கெயில் ஜான்சன் அம்மாள் அவனைத் தம் வீட்டில் ஏற்று வளர்த்தார். 2000-ம் ஆண்டு ஜூலை மாதம் டர்பன் நகரில் கூடிய சர்வதேச எய்ட்ஸ் மகாநாட்டில், பதினோரு வயதான இச்சிறுவன் மேடையேறிப் பேசினான். 2001 ஜூன் 1-ந் தேதி மரித்தான்.

அந்தப் பேச்சு ஆங்கிலத்தில் அச்சில் இருக்கிறது. நீளமானதல்ல. ஆங்கிலம் அறிந்தவர்கள் வீட்டில் வாசித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லலாம். ஆனால் ஓட்டமாய் வாசித்துவிடாதேயும். நின்று யோசிக்கவேண்டிய இடங்கள் உண்டு.

1997-ல் அவனைப் பள்ளியிற் சேர்க்கப் போனார்கள். பிள்ளைக்கு ஏதேனும் வியாதி உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கப்பட்டிருந்தது. வளர்ப்புத் தாய் மறைக்கவில்லை. எய்ட்ஸ் என்று எழுதினார். கூட்டம் போட்டார்கள். பெற்றோரிலும் ஆசிரியரிலும் பாதிப்பேர் சேர்க்கலாமென்றார்கள், பாதிப்பேர் கூடாதென்றார்கள். இங்கே தாளைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்போமென்று உம்மையே கேளும். சட்டென்று பதில் சொல்லவேண்டாம். கூடாதென்றவர்களும் கொடியவர்களல்ல, தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்பதே விஷயம். ஒரே பலகையில் உட்காருவதாலோ, கைகோத்து விளையாடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ இக்கிருமி தொற்றாது. கடைசியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதே வருஷம் பெற்ற தாய் இறந்தாள். பெட்டியில் அவள் கண்மூடிக் கிடந்ததைப் பார்த்ததாகச் சொல்லுகிறான். சில வார்த்தைகள்தான். நாமாயிருந்தால் அதை அரைப்பக்கம் நீட்டியிருப்போம்.

பிறகு அவன் அரசாங்கத்திடம் ஒன்று கேட்கிறான். கருவுற்ற தாய்மாருக்கு ஏ.இசட்.டி. என்னும் மருந்தைக் கொடுங்கள் என்கிறான். இதில் அவனுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அது இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கான மருந்து. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலாலோ, நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குக் கிருமி தொற்றும். தக்க சிகிச்சை இருந்தால் ஐந்துக்கும் கீழே குறைந்துவிடும். தொற்றிய பிள்ளைகளும் இன்று தினமும் மருந்துண்டு, படித்து, வளர்ந்து பெரியவர்களாகிறார்கள்.

இன்னும் அறிய விரும்புகிறவர்கள் ஜிம் ஊட்டன் என்னும் பத்திரிகையாளர் இவனைப்பற்றி எழுதி 2004-ல் வெளிவந்த புத்தகத்தைத் தேடிப்பார்க்கலாம்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கொடுப்பதற்கிருந்த தடைகளை நீக்கும்படி தென் ஆப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் 2002 ஜூலை மாதம் தீர்ப்பளித்தது. என்கோசி மரித்து அப்போது ஒரு வருஷம் கடந்திருந்தது.