பெரிய மோட்டார் அதிக வேலை செய்யுமா?

சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பகுதி மாடி வீடுகளில் மேல்தொட்டிக்கு அரை எச்.பி., ஒரு எச்.பி. மோட்டார்கள் தண்ணீர் ஏற்றுகின்றன. 15 மீட்டர் உயரத்துக்கு 1,000 லிட்டர் ஏற்ற அரை எச்.பி. மோட்டாருக்கு 13 நிமிடம் ஆனால், அதே தரமுள்ள ஒரு எச்.பி. மோட்டாருக்கு ஆறரை நிமிடம் போதும். நடந்த வேலை ஒன்றே, மாறியது நேரம்தான்.

வேலையும் திறனும்

தூக்கும் எடையையும் உயரத்தையும் பொறுத்தது வேலை. அந்த வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது என்பதே திறன். விநாடிக்குச் சுமார் 76 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் அது ஒரு குதிரைத் திறன், அதாவது ஒரு எச்.பி.

இன்றைய தியாகராய நகர், 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவான பகுதி. அக்காலத்தில் கிணற்று நீரை இறைத்தவை பெரும்பாலும் ஏற்றமும் கவலையும்தான். நாள் முழுதும் உழைக்கும் ஓர் ஆளின் திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு எச்.பி. ஒரு சோடி மாட்டின் திறன் சுமார் ஒரு எச்.பி.

ஏக்கர் கணக்கு

ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்டச் சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருந்து, மோட்டாரின் திறனில் பாதி குழாயிலும் பம்பிலும் வீணாவதாகக் கொள்வோம். 5 எச்.பி. மோட்டார் 3 மணி நேரத்தில் முடிக்கும், 3 எச்.பி. மோட்டார் 5 மணி நேரம் எடுக்கும். இரண்டுக்கும் ஆகும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றே.

ஊற்றைப் பாருங்கள்

மோட்டார் வாங்குமுன் கிணற்று ஊற்றை அளப்பது அவசியம். நீரை இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று குறிக்க வேண்டும். 20 அடிக்கு 20 அடி கிணற்றில் ஒரு அடி ஏறினால் ஊற்று சுமார் 11,300 லிட்டர். மேற்சொன்ன 5 எச்.பி. மோட்டாரோ மணிக்கு 67,000 லிட்டர் இறைக்கும். இருப்பு நீர் தீர்ந்ததும் பம்பு வெறுமனே ஓடிப் பழுதாகும். திறனைக் கூட்டினால் நேரம் குறையும், ஊற்று கூடாது.

மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம், கிணற்றின் ஊற்று, பயிரின் தேவை ஆகிய மூன்றையும் பார்த்தே எச்.பி.யை முடிவு செய்ய வேண்டும். அகலமான குழாய், குறைந்த வளைவுகள், கசியாத புட்வால்வு ஆகியவை இருந்தால் சிறிய மோட்டாரே நிறைவாக வேலை செய்யும்.