மனம் ஒட்டாத பணியும் ஆறு மாதச் சேமிப்பும்

"இந்த வேலையில் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடலாமா?" என்று கராச்சர்மா வாடிக்கையாளர் சிலர் வினவுவதுண்டு. தீவில் மாற்றுப் பணிகள் குறைவு. பெருநிலத்தில் தேடுவதெனில் கப்பல் அல்லது விமானச் செலவும் சேரும்.

கணிதமேதை இராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தரானார். மாத ஊதியம் 30 ரூபாய். உள்ளம் நாடியதோ கணிதத்தை. ஆயினும் பணியைத் துறக்காமல், ஓய்வு நேரத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் மாத உதவித்தொகை உறுதியான பின்னரே அலுவலகத்தை விட்டு நீங்கினார்.

நாமும் முதலில் குறை எதுவெனப் பிரித்தறிய வேண்டும்: வேலையா, ஊதியமா, இடமா? இடமாறுதலால் தீரும் குறைக்குப் பதவி விலகல் மருந்தன்று.

அடுத்து, ஆறு மாதக் குடும்பச் செலவைச் சேமித்தல் வேண்டும். கடன் தவணை உட்பட மாதச் செலவு 20,000 ரூபாய் எனில், தேவை 1,20,000 ரூபாய். தொடர் வைப்பில் மாதம் 5,000 ரூபாய் செலுத்திவரின், 24 மாதங்களில் அத்தொகை வட்டியுடன் கைக்கு வரும். அதன்பின் பணியில் நீடிப்பதும் விலகுவதும் நம் விருப்பமாகும், நிர்ப்பந்தமாகாது.