வறட்சியைத் தாங்கும் பனை: பண்புகளும் வளர்ப்பு முறையும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் இருந்துகொண்டு வறட்சியைத் தாங்கும் மரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். கடைமடையில் வாழும் எங்களுக்கு அது வியப்பன்று. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. பேராவூரணிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அவ்வாண்டுக் கோடையில் தென்னைகள் குரும்பைகளை உதிர்த்து, மட்டை தொங்கி நின்றன. பிழைத்த தென்னைகளிலும் பலவற்றை 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயல் வீழ்த்தியது. எங்கள் குளக்கரைப் பனைகளோ இரண்டையும் தாங்கி நின்றன. அது எவ்வாறு? பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எனக்கெழுந்த இவ்வினாவுக்குத் தாவரவியல் வகுப்பிலேதான் விடை கிடைத்தது.

பனையின் தாவரவியற் பெயர் பொராசஸ் பிளாபெல்லிபர் என்பதாகும். தென்னை, கமுகு, ஈச்சை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரம் இது. இதற்கு ஆணிவேர் இல்லை. அடித்தண்டிலிருந்து எண்ணற்ற சல்லிவேர்கள் கிளம்பி மண்ணை இறுகப் பற்றுகின்றன. ஓலைகள் தடித்து, மெழுகு பூசினாற்போன்ற மேற்பரப்புடன் இருப்பதால் நீராவிப்போக்கு குறைகிறது. தண்டின் புறப்பகுதி கடினமான நார்களால் ஆனது. கொண்டையும் சிறியது, ஆகவே காற்று பிடித்துத் தள்ள இடம் குறைவு.

எனினும் பனையின் உறுதிக்கு அடிப்படை, அது முளைக்கும் முறையே ஆகும். விதையிலிருந்து முதலில் வெளிவருவது இலையன்று. வித்திலைக் காம்பு நீண்டு, முளைக்கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆழத்தில்தான் வேரும் குருத்தும் தோன்றுகின்றன. நாம் அவித்துண்ணும் பனங்கிழங்கு இவ்விளஞ்செடியே. வானம் பார்க்குமுன் ஈரத்தைத் தேடிக்கொள்ளும் மரம் என்று இதனைக் கூறலாம்.

இதை அறியாமல் நான் ஒரு பிழை செய்தேன். புயலுக்குப் பின் கொல்லையில் பாத்தி போட்டுப் பனங்கொட்டைகளை முளைக்க வைத்து, மூன்று திங்கள் கழித்துத் தோண்டியெடுத்துக் குளக்கரையில் நட்டேன். தோண்டும்போதே கிழங்குகள் ஒடிந்தன. நட்டவற்றுள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. என் பாட்டனார் சிரித்தார். "தம்பி, கிழங்கு வேணும்னா பாத்தி போடு. மரம் வேணும்னா அது நிக்கப்போற எடத்துலேயே ஊனு" என்றார். பாடநூலுக்கு முன்னரே எனக்குக் கிடைத்த பாடம் அது.

மணல், செம்மண், களிமண், கடலோர உவர்நிலம் ஆகிய எதிலும் பனை வளரும். சில நாள் தேங்கும் நீரையும் பொறுத்துக்கொள்ளும். ஆடி, ஆவணியில் விழும் பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, பருவமழைக்கு முன் அரையடி ஆழக் குழியில், பத்தடி இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். முதல் ஆண்டுகளில் ஆடுமாடு மேயாமல் காத்தால் போதும். கிளைகள் இல்லாமையால் வரப்பில் நிற்கும் பனையின் நிழல் நெற்பயிரை அதிகம் பாதிப்பதில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். பூக்கும் வரை இன்னதென்று அறிய இயலாது. அதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். எனவே ஒன்றிரண்டு ஊன்றுவதில் பயனில்லை. வரிசையாகப் பல ஊன்ற வேண்டும்.

இத்தனை ஆண்டுகள் காத்து வளர்க்கும் மரத்தைச் செங்கற்சூளைக்காக ஒரு பொழுதில் வெட்டிச் சாய்த்துவிடுகிறோம். 1978இல் பனை நம் மாநில மரமாயிற்று. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாது என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆயினும் ஆணை மரத்தைக் காக்குமேயன்றி, புதிதாக ஒன்றை ஊன்றாது. ஊன்ற வேண்டியவர்கள் நாம். சென்ற ஆவணியில் அதே குளக்கரையில், இம்முறை குழி தோண்டி, நாற்பது கொட்டைகளை ஊன்றினேன். அவற்றின் நுங்கைச் சுவைக்கப்போகிறவர்கள் இப்போது பிறந்துகொண்டிருக்கும் குழந்தைகள். அதனால் என்ன? நான் சுவைத்த நுங்கும் யாரோ ஊன்றியதே.