ரயில் செல்ஃபி: மேலே 25,000 வோல்ட்!

கல்வராயன் மலையிலிருந்து ராமேஸ்வரம் கிளம்புறீங்களா? விருத்தாசலம் போனால் ரயில் பிடிக்கலாம். கடலைத் தாண்டித் தீவுக்குள் செல்லும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. மின்சார ரயிலுக்கு ஏற்ப கட்டப்பட்டது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்பும்.

செல்ஃபி எடுக்க ஆசை வரும். ஆனா, மின்சார ரயில் பாதையின் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட்! வீட்டு மின்சாரத்தைப்போல நூறு மடங்குக்கும் மேல். தொடணும்னு இல்லை, நெருங்கினாலே காற்று வழியாகத் தாக்கும். நம்ம சின்னசேலம் ஸ்டேஷனிலும் இதே கதைதான்.

* ரயில் கூரைமேல் ஏறாதீங்க.
* செல்ஃபி ஸ்டிக்கை வெளியே நீட்டாதீங்க.
* கம்பி அறுந்து கிடந்தால் விலகி நின்று 139-க்குச் சொல்லுங்க.

படம் இன்னொரு நாள் எடுக்கலாம், உயிர் அப்படியில்லை.