விழுந்த பல்லுக்கு அறுபது நிமிடம்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள் நம் பெரியவர்கள். பல் மருத்துவம் படிக்க வந்த முதலாம் ஆண்டிலேயே நண்பன் ஒருவனின் பல்லைப் போக்கடித்தவன் என்ற தகுதியில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விடுதிகளுக்கிடையிலான ஃபுட்சால் போட்டி அது. இரவு ஒன்பது மணி இருக்கும். கோல் காவலனாக நின்ற நண்பனின் வாயில் எதிரணி ஆட்டக்காரரின் முழங்கை பட்டது. மேல்வரிசையின் நடுப்பல் ஒன்று வேரோடு கழன்று தரையில் கிடந்தது. “நீதானே பல் டாக்டர், பாருடா!” என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் எலும்புகளின் பெயர்கள் மட்டுமே. ஆனாலும் பல்லை எடுத்துக்கொண்டு கழிவறைக் குழாயடிக்கு ஓடினேன். வேரில் ஒட்டியிருந்த மண்ணையும் இரத்தத்தையும் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். திசுத்தாளால் ஈரம் போகத் துடைத்து, அதிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கார் தேடி, இரவில் திறந்திருக்கும் இடம் தேடி, மருத்துவமனை அவசரப் பிரிவில் மருத்துவரைப் பார்த்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. திசுத்தாளைப் பிரித்துப் பார்த்த மருத்துவர், “யார் கழுவியது?” என்று மட்டும் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் செய்த தவறு என்ன? பல்லின் வேர் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. இரண்டையும் மெல்லிய சவ்வு ஒன்று பிணைத்திருக்கிறது. பல் கழன்று விழும்போது அச்சவ்வு கிழிந்து, அதன் ஒரு பகுதி வேரின் மேல் உயிரோடு ஒட்டியிருக்கும். அந்த உயிரணுக்கள் பிழைத்தால்தான் பல் மீண்டும் முறையாக ஒட்டும். காற்றில் உலர உலர அவை மடிகின்றன. வெறுமனே உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 60 நிமிடம் கடந்துவிட்டால் அவற்றில் உயிர் எஞ்சியிருக்கும் வாய்ப்பு இல்லை என்றே கொள்ள வேண்டும். நானோ அவற்றைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பிறகு காயவும் வைத்தேன்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது மிக எளியது. பல்லை அதன் வெண்மையான மேற்பகுதியில் பிடிக்க வேண்டும். வேரைத் தொடவே கூடாது. அழுக்கு இருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ மெதுவாக அலசினால் போதும். பிறகு அங்கேயே, அப்போதே, பல்லை அதன் குழியில் திரும்பப் பொருத்திவிட வேண்டும். கேட்கவே கூசுகிறது அல்லவா? ஆனால் இதைவிடச் சிறந்த முதலுதவி கிடையாது. பொருத்தும்போது முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கிறதா என்று பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கைக்குட்டையை மென்மையாகக் கடித்தபடி பல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் அதை இரண்டு வாரம் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி வைப்பார்.

பொருத்தத் துணிவில்லையா? குளிர்ந்த வெறும் பாலில் போடுங்கள். மாமாக் கடைத் தேத்தாரிக்கிலும் பால் இருக்கிறதே என்று கேட்கக்கூடாது. சூடும் சீனியும் உதவாது. பால் கிடைக்காவிட்டால், அடிபட்டவரையே ஒரு குவளையில் உமிழச் சொல்லி அந்த உமிழ்நீரில் பல்லை வைக்கலாம். குழாய்த் தண்ணீர் நல்லதன்று. என்றாலும் காயவிடுவதைவிட மேல். சிறுபிள்ளைகளின் பாற்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக்கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லை அது பாதிக்கக்கூடும். அடிபட்டவர் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்துவிட்டு முதலில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விழுந்த பல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வேளை அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும்.

நண்பனின் பல்லை அன்றிரவு பொருத்தித்தான் அனுப்பினார்கள். ஐந்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. பிணைக்கும் சவ்வு இல்லாததால் எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது அவ்விடத்தில் இருப்பது செயற்கைப் பல். அதற்கு ஆன செலவை அவன் என்னிடம் சொன்னதில்லை. நானும் அத்துறையில் இருப்பதால் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பல் போவதோடு முடியாத அவசரமும் உண்டு. தேர்வுக் காலத்தில் ஞானப்பல் வலியோடு வரும் மாணவர்களை அதிகம் பார்க்கிறேன். அறைத்தோழரிடம் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் நாலைந்தை விழுங்கிவிட்டு, வலி குறைந்ததும் மறந்துவிடுவார்கள். உள்ளேயுள்ள சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் நோயைத் தீர்க்காது. கீழ்த்தாடையின் கடைசிப் பற்களுடைய வேர்நுனிகள் தாழ்வாக இருப்பதால், அங்கு பிடிக்கும் சீழ் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் எளிதாகப் பரவும். இரு பக்கமும் வீங்கி நாக்கை மேலே தூக்கி மூச்சை அடைக்கும் நிலையை 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே ‘லுட்விக் ஆஞ்சைனா’ என்று வழங்குகிறது. இன்றும் அது உயிரைப் பறிக்கக்கூடியதே.

ஆகவே பல்வலியோடு வாயை இரு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுதல், நாக்குக்கு அடியில் விறைப்பு, குரல் மாற்றம், கழுத்துக்கு இறங்கும் வீக்கம், காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் காலையில் பல் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூச்சு வாங்கினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள்.

வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலி விடியும்வரை பொறுக்கும். பாட்டி சொன்ன கிராம்பு சற்று மரத்துப்போகச் செய்யும், தவறில்லை. ஆனால் ஆஸ்பிரினைப் பொடித்து ஈற்றில் வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். அப்படி வெந்த வாயோடு வந்தவர்களிடம் இரண்டு வலிக்கும் சேர்த்தே நான் மருந்து எழுத வேண்டியிருந்தது.