கறுப்புப் பட்டை இருந்தால்தான் முழுப்படம்

டிவியில் படம் தொடங்கி மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் உடனே ரிமோட்டைத் தேடாதீர்கள். அந்தப் பட்டை எதையும் மறைக்கவில்லை. பட்டையே இல்லாமல் திரை முழுக்க நிரம்பி நிற்கிறதே, பெரும்பாலும் அதுதான் வெட்டுப்பட்ட படம். சின்னமனூரில் டிஸ்க் வாடகைக் கடை வைத்திருந்த காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. காதில் வாங்காதவர்களில் முதல் ஆள் என் மச்சான். கடையில் பாதிப் பங்கு அவருடையது.

கடை போடுவதற்கு முன்னால் கம்பத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தேன். ஸ்கோப் படம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கேமராவில் இருக்கும் விசேஷ லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி பிலிமில் பதிக்கும். புரொஜெக்டரின் முன்னால் மாட்டுகிற லென்ஸ் அதை இரண்டு மடங்காக விரித்துத் திரையில் போடும். உயரம் 1 என்றால் அகலம் 2.35. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கதாநாயகன் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று நிற்பார். விளம்பரம் முடிந்து படம் ஆரம்பிக்கும்போது லென்ஸை மாற்ற மறந்துவிட்டால் திரையிலும் அப்படியே நிற்பார். தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். “லென்ஸ மாத்துங்கப்பா!” என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். தமிழில் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் முதல் சினிமாஸ்கோப். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை ஸ்கோப்தான். அந்த அகலத்தைத் தினமும் நான்கு காட்சி பார்த்தவன் நான். அதனால்தான் பின்னாளில் வெட்டிய டிஸ்க்கைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

பழைய பெட்டி டிவியின் திரை 4:3. உயரம் 1 என்றால் அகலம் வெறும் 1.33. அதற்குள் ஸ்கோப் படத்தை வைக்க இரண்டே வழிதான். அகலம் முழுக்கத் தெரிகிற மாதிரி படத்தைச் சுருக்கி மேலும் கீழும் காலியாக விடலாம், இது வைட்ஸ்கிரீன். உயரத்தை நிரப்பிவிட்டு, பக்கவாட்டில் அடங்காததை வெட்டி எறியலாம், இது ஃபுல்ஸ்கிரீன். 1.33-ஐ 2.35-ஆல் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 57 பங்குதான் மிஞ்சும். மீதி 43 போய்விட்டது. ஹாலிவுட் படங்களை இப்படி வெட்டும்போது ஒரு ஆள் உட்கார்ந்து, காட்சிக்குக் காட்சி முக்கியமான பக்கம் பார்த்துச் சட்டத்தை நகர்த்துவார். பான் அண்ட் ஸ்கேன் என்று அதற்குப் பெயர். என் கைக்கு வந்த பல டிஸ்க்குகளில் அந்த உழைப்புகூட இல்லை. நடுவை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் தள்ளியிருப்பார்கள். அண்ணனும் தம்பியும் திண்ணையின் இரண்டு முனையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நமக்குத் தெரிவது இந்தப் பக்கம் ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு மூக்கு, நடுவில் சுண்ணாம்புச் சுவர்.

வாடிக்கையாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி 14 அங்குலம். அதில் திரையின் உயரம் எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்கோப் படத்தை முழு அகலத்தில் போட்டால் படத்தின் உயரம் ஐந்து அங்குலம்கூட வராது. சனிக்கிழமை சாயங்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையிறங்கி, கூலிப் பணத்தோடு கடைக்கு வந்து டிஸ்க் எடுத்துப்போகிறவர், ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். “என்னண்ணே, பாதித் திரைய மறைச்சுக் குடுத்துருக்கீக?” என்று திங்கட்கிழமை வந்து கேட்டால் கோபப்பட முடியாது. விசிடியில் நிலைமை இன்னும் மோசம். அதன் படமே மொத்தம் 288 வரிதான். அதில் பட்டை போக ஸ்கோப் படத்துக்கு மிஞ்சுவது 163 வரி. தூரத்து முகமெல்லாம் கலங்கிய மாவுதான். விசிடி போட்டவர்கள் ஃபுல்ஸ்கிரீன் பக்கம் போனதில் ஒரு கணக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டிவிடிக்கு அந்தச் சாக்கு கிடையாது. அதில் 576 வரி. 2007 வாக்கில் மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி விட ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களிலும் ப்ளேயர் வாங்கினார்கள். நான் அதற்கு முன்பிருந்தே வைட்ஸ்கிரீன் டிவிடியாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தேன். மதுரைக்குப் போகிறபோதெல்லாம் பின்னட்டையைப் படித்துப் படித்து வாங்கியவை.

2009-இல் நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் மச்சான் அதை மொத்தமாகக் கைமாற்றினார். மதுரை மொத்த வியாபாரி ஒருவர் வந்திருக்கிறார். “இங்கெ பட்டை வர்ற படத்த எவன் பாக்குறான்? என்கிட்ட ஃபுல்ஸ்கிரீன் இருக்கு, மாத்திக்கங்க” என்றிருக்கிறார். எங்கள் மூன்றுக்கு அவருடைய இரண்டு. நான் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால் அலமாரி முழுக்கப் புது அட்டை. “வாடகை கூடும் மாப்ள, பாத்துக்கிட்டே இரு” என்றார் மச்சான். கூடத்தான் செய்தது, ஒரு வருஷம். எங்கள் தொழிலில் நடந்த தப்புகளிலேயே பெரிய விலை கொடுத்தது இதற்குத்தான். பணத்துக்காகச் சொல்லவில்லை. வைட்ஸ்கிரீன் டிஸ்க் கையில் இருந்தால் அதை எந்தக் காலத்திலும் உங்கள் இஷ்டத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெட்டிய டிஸ்க்கில் இல்லாத 43 பங்கை எந்த டிவியாலும் கொண்டுவர முடியாது. கொடுத்ததில் சில படங்களின் அந்தப் பதிப்பு மறுபடி அச்சாகவே இல்லை. நானும் விடாமல் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு எல்சிடி டிவி வந்தது. திராட்சை விலை நன்றாகப் போன வருஷம் கம்பம் பள்ளத்தாக்கில் சுவருக்குச் சுவர் அகல டிவி ஏறியது. அதன் திரை 16:9. ‘ஃபுல்’ என்று அட்டையில் போட்ட டிஸ்க்கை அதில் போட்டால் ஃபுல்லாக வரவில்லை! இரண்டு பக்கமும் கறுப்புத் தூண் நின்றது. தூணைப் பிடிக்காதவர்கள் இழுத்து நிரப்பினார்கள். கதாநாயகி ஒரே ராத்திரியில் குண்டானார். வேறு சிலர் சூம் போட்டார்கள். அப்போது மேலும் கீழும் கால்வாசி போய், ஏற்கெனவே 57 ஆக வெட்டியது 42 சொச்சத்துக்கு வந்துவிடும். இயக்குநர் எடுத்த சட்டத்தில் பாதிகூட இல்லாத ஒன்றை நாற்பது அங்குலத்தில் பார்த்து “படம் பெருசாத் தெரியுது” என்று சந்தோஷப்பட்டார்கள். மச்சான் அப்போது ஒன்றும் பேசவில்லை. நானும் அந்த விஷயத்தை எடுக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

குரங்கணியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த அக்கா ஒருவர் உண்டு. பிரபு சாலமனின் ‘மைனா’ 2010 தீபாவளிக்கு வந்தது. குரங்கணி மலையில் எடுத்த படம். போடி தியேட்டரில் அதைப் பார்த்தபோது ஒரு காட்சியின் ஓரத்தில் தன் பிறந்த வீட்டுத் திண்ணை தெரிந்ததாம். டிஸ்க் வந்ததும் வாங்கிப்போனார். மறுநாளே திரும்பி வந்தார். “எங்க வீட்டத் தூக்கிட்டாகளே தம்பி, இந்த டிஸ்க்குல இல்ல” என்றார். நான் கொடுத்தது வைட்ஸ்கிரீன் என்று எனக்கு உறுதி. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். புது எல்சிடி. பொருத்திய பையன் “பட்டை வராம வச்சிருக்கேன்” என்று சூமில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 2.35 படத்தை 16:9-இல் பட்டை தெரியாமல் நிரப்பினால் அகலத்தில் கால்வாசி வெளியே போய்விடும். திண்ணை அந்தக் கால்வாசியில் இருந்தது. ரிமோட்டில் ஒரே ஒரு பட்டனை அழுத்தினேன். மேலும் கீழும் பட்டை வந்தது, இடப்பக்க ஓரத்தில் திண்ணை வந்தது, அதில் காயப்போட்டிருந்த சாக்குகூடத் தெரிந்தது. அக்கா வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பாரதிராஜாவின் ஊர்க்காரர்கள் நாம். நம் பக்கத்தில் எடுத்த படங்களில் ஆளுக்குச் சமமாக மலையும் வயலும் நடிக்கின்றன. ஓரத்தை வெட்டினால் முதலில் போவது நம் ஊர்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி டிஸ்க்கும் ஒரு பழைய ப்ளேயரும் இருக்கும். வயர் மாட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. ப்ளேயரின் செட்டப் மெனுவில் டிவி டைப் என்று ஒன்று இருக்கும். அகல டிவி என்றால் 16:9 வையுங்கள். பழைய பெட்டி டிவியாகவே இருந்தால் 4:3 எல்பி. 4:3 பிஎஸ் பக்கம் போகவே வேண்டாம், அது வெட்டுகிற வேலை. டிவியின் மெனுவில் பிக்சர் சைஸை ஒரிஜினல், ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்று உங்கள் கம்பெனி எப்படிச் சொல்கிறதோ அதில் வையுங்கள். சாதாரண 16:9 நிலையிலேயே ஓரத்தில் கொஞ்சம் முழுங்குகிற டிவிகள் உண்டு.

சூம் பட்டனுக்கு நியாயமான வேலை ஒன்று இருக்கிறது. சில பழைய வைட்ஸ்கிரீன் டிவிடிகளை 4:3 சட்டத்துக்குள்ளேயே பட்டையோடு சேர்த்துப் பதித்திருப்பார்கள். அகல டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, நடுவில் தபால் அட்டை அளவுக்குப் படம் நிற்கும். அதற்கு மட்டும் சூம் போடுங்கள். அப்போது வெட்டுப்படுவது வெறும் கறுப்புதான், படத்தில் ஒரு நூல்கூடப் போகாது. தெளிவு மட்டும் கொஞ்சம் குறையும். காரணம், அந்த வகை டிஸ்க்கில் படத்துக்குக் கிடைப்பது 327 வரி. பின்னட்டையில் அனமார்ஃபிக் என்றோ, 16:9-க்குத் தகுந்தது என்றோ போட்ட டிஸ்க்கில் அதே படத்துக்கு 436 வரி. விலை ஒன்றுதான் என்றால் எதை எடுப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அட்டையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வைட்ஸ்கிரீன் என்று அச்சடித்து உள்ளே வெட்டியதை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கடையில் போட்டுக் காட்டச் சொல்லி டைட்டிலைப் பாருங்கள். பெயர்கள் ஓடும்போது ஆட்கள் ஒல்லியாக, உயரமாகத் தெரிந்து, இயக்குநர் பெயர் போனதும் படம் சட்டென்று விரிந்தால், அது வெட்டிய பிரதி. பக்கவாட்டை வெட்டினால் பெயர்களின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் போய்விடும் என்பதால், டைட்டில் வரைக்கும் நெருக்கி வைத்திருப்பார்கள். தியேட்டரில் லென்ஸ் மாற்ற மறந்த அதே ஒல்லி உருவம்தான். எனக்கு அரை நிமிஷம் போதும். உங்களுக்கும் இரண்டு டிஸ்க் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு இதைத் தலைகீழாகப் படியுங்கள். ‘ராஜராஜ சோழன்’ வருவதற்கு முந்திய தமிழ்ப் படம் எதுவும் ஸ்கோப் கிடையாது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் டிவி பெட்டியின் வடிவத்தையே ஒட்டியவை. அகல டிவியில் அவற்றுக்குப் பக்கத் தூண் நிற்பதுதான் சரி. 2012-இல் ‘கர்ணன்’ டிஜிட்டலாகி வந்து நன்றாக ஓடிய பிறகு பழைய படங்களை ஸ்கோப்பாக்கி விடும் ஆசை பிறந்தது. உயரமான சட்டத்தை ஸ்கோப்பாக்க வேண்டுமென்றால் தலையையும் காலையும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். கிரீடத்தோடு நிற்கிற சிவாஜியின் கிரீடத்தை எப்படி வெட்ட மனம் வரும்?

போனில் பார்க்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு விரலால் படத்தை விரித்து ஓரத்தை நிரப்புகிறீர்களே, அதுவும் இதே வெட்டுதான். 20:9 போனில் 16:9 படத்தை நிரப்பினால் மேலும் கீழுமாக ஐந்தில் ஒரு பங்கு போகிறது.

மச்சான் வாங்கிக் குவித்த ஃபுல்ஸ்கிரீன் டிஸ்க்குகள் இன்னும் அவர் வீட்டு மாடியில் மூட்டையாக இருக்கின்றன. எடைக்குப் போடப் போவதாகப் போன மாதம் சொல்லி அனுப்பினார். போடுங்கள், ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று பதில் சொன்னேன். வேறு எந்த வடிவத்திலும் கிடைக்காத சின்னப் படங்கள் அதில் சில இருக்கின்றன. நெகட்டிவ் கெட்டுப்போன படத்துக்கு 57 பங்காவது மிஞ்சியிருப்பது பெரிய விஷயம். உங்களிடமும் அப்படி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் படம் முழு அகலத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். மச்சான் பட்டியல் அனுப்புகிறேன் என்றிருக்கிறார். இன்னும் வரவில்லை.